ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை எப்படி மாற்றுவது: வீட்டில் செய்யக்கூடியதும் கூடாததும்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் பழசாகிவிட்டது என்று தெரிந்த பிறகு கார் வைத்திருப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் மாற்றத் தேவையில்லை என்று சொல்லியிருந்தால் அப்படியே விட்டுவிடலாம். அடியிலுள்ள ட்ரெயின் பிளக்கைத் திறந்து, வடிகிற அளவை வடித்துவிட்டு அதே அளவு புதிய ஆயிலை ஊற்றலாம். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பேனையே இறக்கி, ஃபில்டரையும் சேர்த்து மாற்றலாம். கடைசியாக, ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றிப் புதியதை ஏற்றலாம். இதைச் சிலர் வீட்டிலும் செய்கிறார்கள், பட்டறைகளில் இதற்கென்றே இயந்திரம் வைத்திருக்கிறார்கள்.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்த முறையில் பழைய ஆயில் அதிகமாக வெளியே வரும்? அந்தக் கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். வேலை முடிந்த பிறகு உள்ளே இருக்கும் ஆயிலின் மட்டம் சரியாக இருக்கிறது என்பதை என்னால் உறுதிசெய்ய முடியுமா என்பதே என் முதல் கேள்வி. அதற்கு முடியும் என்று பதில் சொல்ல இயலாதபோது, எவ்வளவு பழைய ஆயில் வெளியேறியது என்ற கணக்கால் எந்தப் பயனும் இல்லை.

காரணம், இந்த ஆயில் செய்யும் வேலையிலேயே இருக்கிறது. எஞ்சின் ஆயில் முக்கியமாக உராய்வைக் குறைக்கிறது, சூட்டை எடுத்துச் செல்கிறது, அழுக்கைத் தாங்கி நிற்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் இவற்றையும் செய்துகொண்டு, கியரை மாற்றும் வேலையையும் தானே செய்கிறது. உள்ளேயிருக்கும் பம்ப் அதை அழுத்தத்துக்கு உட்படுத்துகிறது. வால்வு பாடி அந்த அழுத்தத்தை எந்த கிளட்ச் தொகுப்புக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழற்சியைக் கடத்துவதும் இதே ஆயில்தான். மட்டம் குறைந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். காற்று அமுங்கும் தன்மையுடையது என்பதால் அழுத்தம் குறைந்து, கிளட்ச் தகடுகள் முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கி, வழுக்குவதால் சூடேறிக் கருகத் தொடங்கும். மட்டம் அதிகமானாலும் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையிலும் இருப்பது காற்றுதான். எஞ்சினில் அரை லிட்டர் கூடக் குறைய இருந்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கியர்பாக்ஸில் அதே அரை லிட்டர், ஓட்டும்போதே தெரிகிற குறையாக வெளிப்பட்டுவிடும்.

முதல் வழி, அதாவது மாற்றாமலே விடுவது, சோம்பலின் வழி என்று ஒதுக்கத்தக்கதன்று. தயாரிப்பாளர்களே பலர் ஆயுட்கால ஆயில் என்று எழுதித்தான் காரை விற்கிறார்கள். ஆனால் யாருடைய ஆயுள் என்பதைப் பார்க்க வேண்டும். பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், தன் கியர்பாக்ஸுகளில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றும்படி பரிந்துரைக்கிறது. அதே கியர்பாக்ஸைப் பொருத்தி விற்கும் காரின் கையேட்டில் மாற்றத் தேவையில்லை என்று இருப்பதும் உண்டு. செய்தவர் சொல்வதையும் பொருத்தியவர் சொல்வதையும் வைத்துப் பார்த்தால், நான் செய்தவர் பக்கமே நிற்பேன். ஆயிலை முதுமையடையச் செய்வது முக்கியமாகச் சூடு. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எண்ணெய்த் துறையில் பழக்கமான தோராயக் கணக்கு. நெரிசலில் நின்று நின்று போகும் கார், மலைச்சாலையில் ஏறும் கார், பின்னால் வண்டி இழுக்கும் கார் ஆகியவற்றின் ஆயில், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் காரின் ஆயிலைவிட வெகு சீக்கிரம் சோர்ந்துவிடும்.

மாற்றாமல் விடுவதே சரியான முடிவாகும் ஒரு நிலையும் உண்டு. கியர் ஏற்கெனவே வழுக்குகிறது, ஆயிலில் கருகிய வாடை அடிக்கிறது, நிறம் கறுத்திருக்கிறது என்றால் தேய்மானம் கிளட்ச் தகட்டில் நடந்து முடிந்துவிட்டது என்று பொருள். அதைப் புதிய ஆயில் சீராக்காது. ஆயிலை மாற்றியதால்தான் கியர்பாக்ஸ் போனது என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த கியர்பாக்ஸுக்குக் கடைசி முயற்சியாக ஆயில் மாற்றியவர்களின் கதைகள் என்றே நான் கருதுகிறேன். அந்த நிலையில் ஆயிலுக்குச் செலவழிக்கும் முன் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டுவதே முறை. ஆயில் பால் கலந்ததுபோல வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் பழுதாகிக் கூலன்ட் கலந்திருக்கிறது. அப்போதும் முதலில் வேண்டியது பழுது நீக்கம். அதுவரை காரை ஓட்டவே கூடாது.

இரண்டாவது வழியான வடித்து ஊற்றும் முறைதான் வீட்டுக்கு மிகவும் ஏற்றது. ஆகவே அதன் கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பிளக்கைத் திறந்தால் பேனில் இருப்பது மட்டுமே வடியும். டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் வால்வு பாடியின் நுண்வழிகளிலும் தங்கியிருப்பது அங்கேயே இருக்கும். மொத்தம் 9 லிட்டர் கொள்ளும் கியர்பாக்ஸில் 3.6 லிட்டர் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நூற்றுக்கு 40. ஒருமுறை வடித்து ஊற்றினால் உள்ளே புதிய ஆயில் 40 விழுக்காடு. சிறிது தூரம் ஓட்டி நன்றாகக் கலந்த பிறகு மறுபடி செய்தால் 64, மூன்றாம் முறை 78, நான்காம் முறை 87. மூன்று முறைக்குச் செலவாகும் ஆயில் 10.8 லிட்டர், அதாவது கியர்பாக்ஸின் முழுக் கொள்ளளவைவிடக் கூடுதல். அப்படியும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பழையதே. இந்தக் கணக்கைக் காட்டித்தான் இம்முறையைக் குறை சொல்கிறார்கள்.

அதே கணக்கை இன்னொரு விதமாகவும் போடலாம். மூன்று முறையையும் ஒரே வாரத்தில் செய்வதற்குப் பதிலாக, ஒவ்வொரு 20,000 கிலோமீட்டருக்கும் ஒருமுறை மட்டும் வடித்து ஊற்றுவதை வழக்கமாக வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் ஆயிலின் சராசரி வயது ஒரு எல்லையைத் தாண்டாது. ஒவ்வொரு முறையும் பழையதில் 60 விழுக்காடு மிஞ்சுகிறது, அதோடு 20,000 கிலோமீட்டர் சேர்கிறது. இது நிலைபெறும் இடம் 50,000 கிலோமீட்டர். கார் இரண்டு லட்சம் ஓடியிருந்தாலும் சரி, மூன்று லட்சம் ஓடியிருந்தாலும் சரி, அதன் கியர்பாக்ஸ் ஆயிலின் சராசரி வயது 50,000-ஐத் தாண்டுவதில்லை. 30,000-க்கு ஒருமுறை என்றால் அந்த எல்லை 75,000. இசட்எஃப் சொல்லும் இடைவெளியோடு ஒப்பிட்டால் இரண்டுமே நல்ல நிலைதான். கார் புதிதாக இருக்கும்போதே தொடங்குபவருக்கு இதைவிட எளிய, இதைவிடப் பத்திரமான முறை வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரே மூச்சில் எல்லாம் மாறாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதும் இதற்கு ஒரு சாதகமே.

மூன்றாவது வழி பேனை இறக்குவது. இதில் கூடுதலாக வெளியேறும் ஆயில் கொஞ்சம்தான். வேலையும் அழுக்கும் அதிகம். ஆனாலும் இந்த வழிக்கு ஈடில்லாத ஒரு பயன் உண்டு: கியர்பாக்ஸின் உள்நிலையை நேரில் பார்க்க முடிகிறது. பேனின் அடியில் சிறிய காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில், விரலால் எடுத்துத் தேய்த்தால் மை போல வழுவழுப்பாகப் பரவும் ஒரு பசை படிந்திருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. எஃகுப் பாகங்கள் இயல்பாகத் தேய்ந்த தூள் அது. தேய்க்கும்போது விரலில் நெருடினாலோ, ஊசிபோன்ற செதில்கள் தெரிந்தாலோ ஏதோ உடைந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் பேனின் அடியில் மஞ்சள் மினுமினுப்பாகக் கிடப்பது புஷ் அல்லது வாஷர் உலோகம். கறுப்பாக, நார் நாராக இருப்பது கிளட்ச் தகட்டின் மேற்பூச்சு. ட்ரெயின் பிளக்கின் வழியே வடித்தவருக்கு இதில் கால்பங்குகூடத் தெரியாது. காந்தங்களைத் துடைத்து, அவை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும்.

ஆனால் எல்லாக் கார்களிலும் பேனை இறக்கினால் ஃபில்டர் கையில் கிடைத்துவிடாது. சில கியர்பாக்ஸுகளில் ஃபில்டர், உறையைப் பிரித்தால் மட்டுமே எடுக்கும்படி உள்ளே இருக்கிறது. அவற்றில் பேனை இறக்குவதற்கான முக்கியக் காரணமே இல்லாமல் போகிறது. இசட்எஃப்பின் பிற்காலக் கியர்பாக்ஸுகள் பலவற்றில் பேன் பிளாஸ்டிக்கால் ஆனது, ஃபில்டர் அதோடு ஒட்டியே வருகிறது. பேனையே புதிதாக வாங்கிப் போட வேண்டும். பேன் போல்ட்டுகள் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ளவை. அவற்றுக்குத் தேவையான முறுக்கு பல கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும், சரியான எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கை பலத்தை நம்பி இறுக்குகிறவர், அலுமினியத்தில் வெட்டிய மரையைக் கெடுத்துவிடுவார். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாதவருக்கு இந்த மூன்றாவது வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வீட்டில் கூலர் குழாயைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியர்பாக்ஸின் சொந்த பம்பாலேயே பழைய ஆயிலை வெளியே தள்ளச் செய்து, மேலிருந்து புதியதை ஊற்றிக்கொண்டே இருப்பது கேட்பதற்கு மிக நேர்த்தியாக இருக்கும். வெளியே போகும் வேகமும் உள்ளே ஊற்றும் வேகமும் ஒத்துப்போகாத சில விநாடிகளில் பம்ப் வெறும் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். எஞ்சினை நிறுத்த ஒருவர், அளவைப் பார்க்க ஒருவர் என இருவர் இருந்து, ஒரு லிட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஊற்றி மறுபடி தொடங்கும் பொறுமையும் இருந்தால் முடியும். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். முதல்முறை செய்பவருக்கு இது வேண்டாம். பட்டறை இயந்திரம் இந்தச் சமநிலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. பழைய ஆயிலை ஒரே அமர்வில் ஏறத்தாழ முழுவதும் வெளியேற்ற வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால், எடுத்துக்காட்டாக யாரோ தவறான ஆயிலை ஊற்றிவிட்டிருந்தால், அந்த இயந்திரமே சரியான வழி. கழுவும் ரசாயனம் எதையும் கலக்க வேண்டாம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த வழியானாலும் ஆயிலின் வகையில் சமரசம் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் டைப் ஏ என்ற கியர்பாக்ஸ் ஆயில் தர வரையறையையும் 1967-இல் டெக்ஸ்ரான் வரையறையையும் கொண்டுவந்த காலத்தில், கிளட்ச் பிடிமானத்தைச் சீராக வைத்திருக்க அந்த ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதன் பயன்பாடு தடைபட்டபோது மாற்றுச் சேர்மானம் தேட வேண்டியதாயிற்று. ஆயிலின் உராய்வுத் தன்மை ஒரு கியர்பாக்ஸுக்கு எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 2005-இல் வந்த டெக்ஸ்ரான் 6, தனக்கு முந்தைய டெக்ஸ்ரான் 3-ஐவிட மெல்லியது. இரண்டும் ஒரே சிவப்பு நிறம். அந்தச் சாயம் கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் பயன்படும், ஆயிலின் தரத்தைச் சொல்லாது. உங்கள் கார் சிவிடி வகையாக (தனித்தனி கியர்கள் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் வகை) இருந்தால் அதற்குரிய தனி ஆயில்தான் வேண்டும். உள்ளேயிருக்கும் எஃகுப் பட்டை வழுக்காமல் கப்பியைப் பிடிப்பது அந்த ஆயிலை நம்பித்தான். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் அப்படியே. எல்லா வண்டிக்கும் ஏற்றது என்று அச்சிட்ட கேனை, காரின் கையேட்டில் உள்ள பெயர் அதன் மீது வெளிப்படையாக இல்லாதவரை நான் வாங்குவதில்லை.

இனி மட்டம் பார்ப்பதற்கு வருவோம், ஏனெனில் வீடா பட்டறையா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். மட்டம் பார்க்கும் அளவுக்கம்பியான டிப்ஸ்டிக் உள்ள காருக்கு வேலை எளிது. ஆனால் ஒவ்வொரு தயாரிப்பாளரின் முறையும் வேறு: பல கார்களில் ஆயில் நன்றாகச் சூடான பின் எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும், ஹோண்டாவின் பல கார்களில் சூடான எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். முறை மாறினால் அளவும் மாறும். டிப்ஸ்டிக் இல்லாத கார்களில் அளவு பார்க்கும் பிளக் ஒன்று இருக்கும். காரை நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி வைத்துத் திரும்பப் பி-க்கு வந்து, ஆயிலின் வெப்பநிலை கையேடு சொல்லும் எல்லைக்குள் நுழையும்வரை காத்திருக்க வேண்டும். பல கார்களில் அந்த எல்லை 35 முதல் 45 டிகிரிக்குள் அடங்கிவிடும். அப்போது பிளக்கைத் திறந்தால் முதலில் ஒரு கம்பிபோல ஆயில் இறங்கும், பிறகு நூலாக மெலியும், பிறகு நூல் அறுந்து சொட்டுகளாகும். சொட்டத் தொடங்கிய அந்தக் கணத்தில் பிளக்கைத் திரும்பப் போட வேண்டும். எதுவுமே வராவிட்டால் அளவு குறைவு. மேலிருந்து ஊற்றி, வழியத் தொடங்கிய பிறகு மறுபடி சொட்டுவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வெப்பநிலை எல்லையைத் தாண்டிவிட்டால் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தத் தொல்லை எதற்கு, வடித்த அளவை அளந்து அதே அளவை ஊற்றினால் போதாதா என்று நானும் முதலில் நினைத்தேன். வடித்ததை அளந்து, துளி பிசகாமல் அதையே ஊற்றினேன். மறுநாள் குளிரில் காரை எடுத்து ஆர் நிலையில் போட்டபோது இரண்டு விநாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு உதறலோடு பின்னால் நகர்ந்தது. ஆக்ஸில் சீல் வழியாகப் பல மாதங்களாகச் சிறிது சிறிதாகக் கசிந்திருக்கிறது. நான் வடித்தது ஏற்கெனவே குறைந்திருந்த அளவு. அந்தக் குறைவையே திரும்ப ஊற்றியிருக்கிறேன். பிளக்கைத் திறந்து முறைப்படி பார்த்தபோது அரை லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டியிருந்தது. கசிவே இல்லாத காரிலும் இந்த அளவு முறைக்கு ஒரு பிழை உண்டு. ஆயில் சூட்டில் விரியும்; 80 டிகிரியில் வடித்து அளந்த 4 லிட்டருக்கு 20 டிகிரியில் இருக்கும் 4 லிட்டரை ஊற்றினால் 150 முதல் 200 மில்லிலிட்டர் வரை கூடிப்போகும். ஆகவே அளந்து ஊற்றுவது நல்ல தொடக்கப் புள்ளி, அவ்வளவே.

இதிலிருந்து வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையே கோடு கிழிப்பது எனக்கு எளிதாகிவிடுகிறது. உங்கள் காரில் டிப்ஸ்டிக் இருக்கிறது, கையேடு மாற்ற அனுமதிக்கிறது, ட்ரெயின் பிளக் கைக்கு எட்டுகிறது என்றால் வடித்து ஊற்றுவதை வீட்டிலேயே தயங்காமல் செய்யலாம். டிப்ஸ்டிக் இல்லையென்றால் இரண்டு பொருள்கள் வேண்டும்: காரை நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் தூக்கி நிறுத்தும் உறுதியான ஜாக் ஸ்டாண்டுகள், காரின் கணினியோடு இணைத்து கியர்பாக்ஸ் வெப்பநிலையைப் படிக்கக்கூடிய ஓபிடி ஸ்கேனர். எல்லா ஸ்கேனரும் இந்த வெப்பநிலையைக் காட்டுவதில்லை என்பதால், வேலையைத் தொடங்கும் நாளுக்கு முன்பே மாட்டிப் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பட்டறையே மேல். முன்பக்கத்தை மட்டும் தூக்கி, சாய்ந்த காரில் மட்டம் பார்த்தால், வேலை செய்தும் செய்யாததுபோலத்தான். வெறும் ஜாக்கின் மேல் நிற்கும் காருக்கு அடியில் யாரும் ஒருபோதும் போகக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் யாருடைய அனுபவமும் விதிவிலக்கு இல்லை.

வீட்டில் செய்பவர் மறக்கக் கூடாத இன்னொரு வரிசை உண்டு. முதலில் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்து பார்த்துவிட்டு, அது திறக்கிறது என்று தெரிந்த பிறகே வடிக்கும் பிளக்கில் கை வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அசையாத பிளக் துருவேறிச் சிக்கிக்கொண்டிருந்தால், வடித்து முடித்த பிறகு அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. காலியான கியர்பாக்ஸோடு காரைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லவும் முடியாது. ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். ஓட்டி வந்த உடனே வடித்தால் கையைச் சுட்டுவிடும். பிளக்கின் நசுங்கும் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

ஒரு லட்சத்தைத் தாண்டியும் ஒருமுறைகூட மாற்றாத, ஆனால் வழுக்காமல் ஒழுங்காக ஓடும் கார் கையில் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பலர் தயங்குகிறார்கள். ஃபில்டர் எட்டக்கூடிய கியர்பாக்ஸ் என்றால் முதல்முறை பேனை இறக்குவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்; காந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவ்வளவு பழைய கியர்பாக்ஸுக்கு வேறு எந்த முடிவும் எடுக்க எனக்கு மனம் வராது. தூள் மட்டும் இருந்தால், சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஒருமுறை வடித்து ஊற்றி, பிறகு 20,000-க்கு ஒருமுறை என்ற வழக்கத்தைத் தொடங்கிவிடலாம். செதில் தெரிந்தால் அந்தப் பேனைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கியர்பாக்ஸ் வேலையே செய்யும் மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டும்.

வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், புதிய ஆயில் வந்த கேன்களிலேயே நிரப்பி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அன்றிரவு காரின் அடியில், கியர்பாக்ஸுக்கு நேர் கீழே, ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்து, காலையில் அதில் சிவப்புச் சொட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகே காரை எடுங்கள்.